பழைய பாய்மரப் படகு வாங்குமுன்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கலாகாது என்பது வழக்கு. பணம் கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்த விலக்கு இல்லை. பழைய பாய்மரப் படகுக்கும் அப்படி ஒரு பல் உண்டு. அது எங்கே இருக்கிறது, அதை எவ்வாறு பிடித்துப் பார்ப்பது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலில்லாப் பெங்களூரில் பாய்மரப் படகு எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊரில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் காற்றும், சிறிது ஆழமும், பரந்த நீர்ப்பரப்பும் இருந்தால் படகு ஓடும். நீர் உப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. அலசூர் ஏரியை ஒட்டி மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு இருக்கிறது. 1780 முதல் வரலாறுடைய அப்பிரிவின் வீரர்களைப் படையினர் 'தம்பிகள்' என்றே அழைப்பர் என்பது நம்மவர்க்கு இனிக்கும் செய்தி. அங்குள்ள படகுச் சங்கத்தின் பெயர் 'திருஷ்ணா'. இந்தியத் தரைப்படைப் பொறியாளர்கள் 1985-இல் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1987-இல் மீண்டு வந்த கலத்தின் பெயர் அது. அந்தத் திருஷ்ணாவும் அதற்கெனப் புதிதாகக் கட்டப்பட்டதன்று. பிறர் ஓட்டிய, 37 அடி நீளமுள்ள பழைய கலமே. எனவே பழைய படகை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு நம் மன்றத்து மாணவர் நால்வர் கூட்டாகப் பணம் சேர்த்து ஒரு பழைய படகு வாங்க விரும்பினர். டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் பந்தயங்களில் ஓட்டிய விஷ்ணு சரவணன், நேத்ரா குமணன் ஆகிய தமிழர் இருவரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர்களுக்கு இந்த ஆசை. பணம் எளிதில் வந்ததன்று. இருவர் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது. ஒருவர் ஊரிலிருந்து வந்த பணத்தில் மிச்சம் பிடித்தது. நால்வரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஒருவரே. அவர் பாம்பனைச் சேர்ந்தவர். மாணவப் பருவத்தில் நான் சில ஆண்டுகள் இவ்வகைப் படகு ஓட்டியவன் என்பதால், சென்னைக்குத் துணைவரும்படி என்னை அழைத்தனர். படகு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே என் வேலை. ஆனால் நீந்தத் தெரியாத மூவர் அதில் ஏறப்போகிறார்கள் என்ற எண்ணம், பார்க்கும் கண்ணைச் சற்றுக் கூர்மையாக்கிவிட்டது.

அவர்கள் பார்த்து வைத்திருந்தது 'எண்டர்பிரைஸ்' வகைப் படகு. ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் 1956-இல் வரைந்தது. நீளம் 13 அடி 3 அங்குலம். இருவர் ஓட்டுவது. வெளிர்நீலப் பாய்களைக் கொண்டே தொலைவிலிருந்து அடையாளம் காணலாம். பெரும்பாய் ஒன்று, அதற்கு முன்னால் சிறிய முன்பாய் ஒன்று. நடுவில் மெல்லிய அலுமினியப் பாய்மரம். அப்பாய்மரம் தானாக நிற்பதில்லை என்பதைத்தான் முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். நம் தெருக்களில் மின்கம்பம் திரும்பும் முனைகளில், கம்பத்தின் தலையிலிருந்து ஒரு கம்பியைச் சாய்வாக இழுத்து மண்ணில் கட்டியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதுபோலவே படகின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு பக்கக் கம்பிகளும், மூக்கிலிருந்து ஒரு முன்கம்பியும் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. அம்மூன்றில் ஒன்று போனால் பாய்மரம் கீழே. சிறு படகுகளில் அது விழும் இடத்தில்தான் ஓட்டுவோரும் அமர்ந்திருப்பர்.

வாங்க வருவோர் பெரும்பாலும் படகின் உடலைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றனர். வண்ணம் மின்னுகிறதா, கீறல் உண்டா, அடியில் ஒட்டுப்போட்டிருக்கிறதா என்பவை கண்ணுக்கு எளிதில் தெரிவன. அவற்றையும் பார்க்க வேண்டியதுதான். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், திடமான இடத்தில் ஒலி தெளிவாகவும், உள்ளே ஊறிய இடத்தில் மந்தமாகவும் கேட்கும். முற்றாத தேங்காயைத் தட்டிப் பார்த்து ஒதுக்கத் தெரிந்தவர்க்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. உடலில் ஓட்டை இருந்தால் தண்ணீர் மெல்லத்தான் வரும். கரைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். கம்பி அவ்வாறு நேரம் தருவதில்லை.

கம்பியின் மேல் விழும் சுமை எவ்வளவு? சிறு கணக்கொன்று போடுவோம். காற்று பாயைச் சாய்க்கிறது; ஓட்டுவோர் இருவரும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் அமர்ந்து, உடலை வெளியே சாய்த்து, அதைச் சரிக்கட்டுகின்றனர். இருவர் எடை 140 கிலோ என்றும், அவர்கள் எடையின் மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் கொள்வோம். பெருக்கினால் 154. பக்கக் கம்பி படகைப் பற்றும் இடமோ நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 0.7 மீட்டரில் உள்ளது. 154-ஐ 0.7-ஆல் வகுத்தால் 220. ஆக, அந்த ஒற்றைக் கம்பி ஏறத்தாழ 220 கிலோ இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென ஒரு காற்று வீச்சு வந்தாலோ, அலையில் படகு இடறினாலோ அது இன்னும் ஏறும்.

கம்பியின் பருமன் 3 மில்லிமீட்டர். எழுதும் பென்சிலில் பாதிகூட இல்லை. ஆனால் நல்ல துருவேறா எஃகில் பத்தொன்பது இழைகளை முறுக்கிச் செய்த 3 மில்லிமீட்டர்க் கம்பி, புதிதாக இருக்கும்போது சுமார் 700 கிலோ வரை தாங்கும். 220-க்கு 700 என்றால் மும்மடங்குக் காப்பு இருக்கிறதே, பின் ஏன் அறுகிறது என்று இயற்பியல் மாணவர்கள் கேட்பார்கள். ஒரே இழுப்பில் அறுவதில்லை. படகு ஒரு பக்கம் ஓடும்போது ஒரு கம்பி விறைக்கிறது, எதிர்ப்பக்கத்துக் கம்பி தளர்ந்து ஆடுகிறது. திருப்பினால் நிலைமை மாறுகிறது. கரையில் பாய்மரத்தை இறக்காமல் நிறுத்தி வைத்தால், இரவெல்லாம் காற்றில் கம்பிகள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆணியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பதுண்டல்லவா? அதே செயல், மிக நுண்ணிய அளவில், ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பொறியியலார் இதனை உலோக அயர்ச்சி என்பர்.

இந்த அயர்ச்சி கம்பி முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. நடுவில் கம்பி எளிதாக வளைந்து கொடுக்கிறது. நுனியிலோ அது ஓர் எஃகுக் குழலுக்குள் நுழைத்து நசுக்கி இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு கண்ணியைச் சுற்றி மடித்துச் செப்புக் குழலால் அழுத்தப்பட்டிருக்கிறது. வளையும் பகுதியும் வளையாத பகுதியும் சந்திக்கும் அந்த ஒரு கோட்டில்தான் எல்லா வளைவும் போய்க் குவிகிறது. மாட்டின் பல் என்று தொடக்கத்தில் கூறினேனே, அது இந்த இடம்தான். மூன்று கம்பிகள், ஆறு நுனிகள். அரைமணி நேரம் இந்த ஆறு நுனிகளுக்கு ஒதுக்காமல் படகுக்கு விலை பேசுவது, பல்லைப் பார்க்காமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு ஒப்பாகும்.

அந்த இடத்திற்கு இன்னொரு பகையும் உண்டு. துருவேறா எஃகு துருவேறாமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொள்வதே. கீறினாலும் அப்போர்வை தானே மீண்டும் உண்டாகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். குழலுக்குள்ளே, இழைகளின் இடுக்கிலே, உப்புநீர் புகுந்து தேங்கிவிட்டால் ஆக்சிஜன் அங்கே எட்டாது. போர்வை கிழிந்த இடத்தில் மீண்டும் நெய்யப்படுவதில்லை. வெளியே வெள்ளிபோல் மின்னும் கம்பி உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். இதனால்தான் கம்பியின் நுனிகளைப் பிளாஸ்டிக் உறை போட்டும் பட்டை சுற்றியும் அழகுபடுத்தி வைத்திருக்கும் படகைக் கண்டால் எனக்கு ஐயம் பிறக்கிறது. உறையை இட்டவர் நல்லெண்ணத்தோடு இட்டிருக்கலாம். ஆனால் அது ஈரத்தைக் காத்து, காற்றைத் தடுக்கிறது. விற்பவரின் இசைவு பெற்று அவற்றைக் கழற்றிய பிறகே மேற்கொண்டு பார்த்தல் வேண்டும்.

நாங்கள் சென்ற அன்று படகு கரையில் பாய்மரம் ஏற்றி, ஓட்டிப்பார்க்க ஆயத்தமாக நின்றது. மாணவர்கள் உடனே ஏறத் துடித்தனர். பாய்மரத்தை இறக்கித் தரையில் கிடத்தினால்தான் ஆயிற்று என்று நான் கேட்டுக்கொண்டேன். விற்பவர் முகம் சற்றுச் சுருங்கிற்று, எனினும் இறக்கினார். ஓட்டிப் பார்ப்பது இன்பமான காரியம். ஆனால் பாய்மரத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்பதைக் கீழே உட்கார்ந்து ஓட்டுபவர் காண முடியாது. ஆறு நுனிகளில் மூன்று மேலேதான் இருக்கின்றன.

கம்பியை வெறுங்கையால் உருவிப் பார்க்கலாகாது. அறுந்த இழை ஊசிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை கிழிந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாகப் பிடித்து, மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் உருவ வேண்டும். பாம்பன் மாணவர் தம் கைக்குட்டையை எடுத்து அவ்வாறே செய்துகொண்டு வந்தார். முன்கம்பி சரியாக இருந்தது. இடப்பக்கக் கம்பியும் சரி. வலப்பக்கக் கம்பியின் மேல்நுனிக்கு வந்தபோது கைக்குட்டையின் நூல் ஒன்று மாட்டிக்கொண்டது.

"இங்கே பிடிக்குது சார்," என்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். குழலுக்குள் நுழையும் இடத்தில் ஓர் இழை அறுந்து, மயிரிழை அளவே வெளியே தலைநீட்டிக் கொண்டிருந்தது. அதன் கீழே, குழலின் மேற்பரப்பில், தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்புக் கோடு வழிந்திருந்தது. விற்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "பத்தொன்பது இழையிலே ஒண்ணுதானே தம்பி, துடைச்சுப் பாலிஷ் போட்டா அந்தக் கறையும் போயிடும்," என்றார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. பலரும் அப்படித்தான் நம்புகின்றனர்.

பத்தொன்பதில் ஒன்று போனால் வலிமையில் இருபதில் ஒரு பங்குதான் குறையும் என்பது கணக்களவில் மெய். ஆனால் மீதிப் பதினெட்டும் அதே ஆலையில் வந்தவை; அதே ஆண்டுகளில் அதே காற்றில் ஆடியவை; அதே இடத்தில் வளைந்தவை. ஒன்று அறுந்தது என்றால் மற்றவை அதே வயதில் நிற்கின்றன என்பதற்கு அது சான்று. ஒரே ஓர் இழை அறுந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும் என்பது உலகெங்கும் படகோட்டிகள் கைக்கொள்ளும் விதி. அறுந்த இழை எதுவும் தென்படாவிட்டாலும், கடலில் ஓடும் கலங்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை கம்பிகளை மாற்றுவது நல்லது என்பர்.

குழலையும் தனியே பார்த்தல் வேண்டும். நீளவாட்டில் மயிரிழைபோல் வெடிப்பு ஓடுகிறதா? நேராக இருக்க வேண்டிய குழல் வாழைக்காய்போல் வளைந்திருக்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் அது தள்ளத்தக்கது. ஐயமிருந்தால் இயந்திரப் பொறியியல் மாணவர்கள் தம் தொழிற்கூடத்துச் சாய முறையை இங்கே பயன்படுத்தலாம். சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெண்பொடி தெளித்தால், வெடிப்புக்குள் தங்கிய சாயம் வெண்மையில் சிவப்புக் கோடாக ஊறி வெளிப்படும். ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்த சோதனை ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

பாம்பன் மாணவர் அப்போது சொன்ன ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. அவருடைய பாட்டனார் பாய் விரித்து வள்ளம் ஓட்டியவராம். பாயை ஏற்றும் கயிற்றை அவர்கள் ஆஞ்சான் என்றும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்றும் சொல்வார்களாம். "கயிறுன்னா தும்பு விட்டுக் காட்டும் சார். கிழவனுக்கு நரைக்கிற மாதிரி தெரிஞ்சிடும். இந்தக் கம்பிக்கு நரையே இல்லையே!" என்றார். இதைவிட நன்றாகப் பாடநூலும் விளக்க முடியாது. ஆஞ்சான், தாமான் என்ற சொற்களை நம் மாணவர்கள் மறவாமல் வழங்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன், நம் கடற்கரையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாமே.

தமிழில் இச்செய்தி புதியதன்று. மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில், மதங்கொண்டு ஓடும் காலவேகம் என்னும் யானைக்குப் புயலில் அகப்பட்ட கலம் உவமையாக வருகிறது. மீகாமன் நடுங்க, கூம்பு அடியில் முறிவதும், இறுகிய கட்டுகள் அவிழ்வதும், கயிறுகள் அறுவதும், பாய் சிதைவதும் அங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. கூம்பு என்பதே பாய்மரத்திற்குப் பழம்பெயர். இலக்கிய வகுப்பில் இதைப் படிக்கும்போது நாம் யானையையே பார்க்கிறோம், கலத்தைப் பார்ப்பதில்லை. சாத்தனார் காட்டும் கலத்தில் முதலில் மரம் முறிகிறது, பின்னர்க் கயிறு அறுகிறது. நம் சிறு படகுகளில் பெரும்பாலும் வரிசை தலைகீழ்: கம்பி முதலில் போகிறது, மரம் அதன் பின் விழுகிறது. பெருமரத்தை நட்டுக் கயிற்றைத் துணையாக வைத்த காலம் அது. கம்பியை நம்பி மெல்லிய குழாயை நிறுத்தும் காலம் இது.

கம்பியும் குழலும் சரியாக இருந்தாலும், கம்பி எதைப் பற்றியிருக்கிறதோ அந்த இடம் சரியாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2018-இல் தொடங்கிய 'கோல்டன் குளோப்' பந்தயத்தில், தனியொருவராய் எங்கும் நில்லாமல் உலகைச் சுற்ற வேண்டும். நம் நாட்டுக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதில் ஓட்டிய 'துரியா' 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் முழுதும் உருண்டு, பாய்மரம் முறிந்தது. முதுகு முறிந்த நிலையில் கிடந்த அவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. (அவர் பின்னர் வேறொரு படகில் அதே பந்தயத்தில் ஓடி 2023-இல் இரண்டாமவராக வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) அதே 2018 பந்தயத்தில், முன்னணியில் சென்றுகொண்டிருந்த 73 வயதுப் பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் என்பவரின் படகும் நவம்பரில் பசிபிக் பெருங்கடலில் கவிழ்ந்தெழுந்தது. அவருடைய கம்பி அறவில்லை. கம்பியைப் பாய்மரத்தோடு இணைத்த ஆணி, மரத்தின் உலோகத்தைக் கிழித்துக்கொண்டு சுமார் 5 சென்டிமீட்டர் கீழிறங்கிவிட்டது, கம்பிகள் தளர்ந்தன. அவர் நடுக்கடலில் பாய்மரத்தின்மேல் ஏறிப் பழுது பார்த்து, 2019 சனவரி 29 அன்று முதல்வராகக் கரை சேர்ந்தார். நம் ஏரிப் படகுக்கும் அவருடைய கலத்திற்கும் மலையும் மடுவுமான வேறுபாடு உண்டு. எனினும் ஆணியைச் சுற்றியுள்ள துளை நீண்டிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இரண்டிற்கும் ஒன்றே.

ஆகவே அலுமினியப் பாய்மரத்தில் எஃகு ஆணியும் ரிவெட்டும் இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு சிறு மின்கலம் பிறக்கிறது. அதில் கரைவது அலுமினியமே. வெண்பொடி பூத்திருப்பதும், வண்ணம் கொப்புளித்திருப்பதும் அதன் அடையாளங்கள். மேற்புறத்தில் சிறிது வெண்பொடி இருந்தால் சுரண்டிப் பார்க்கலாம். அடியில் குழி விழுந்திருந்தால் ஐயுற வேண்டும். பாய்மரத்தின் அடிமுனையில் நீர் வடியும் துளை அடைபட்டிருந்தால் உள்ளே அரிப்பு மிகுந்திருக்கும். பாய்மரத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்து, துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோல் மறுமுனை வரை பார்த்தால், கோணல் இருப்பின் தெரிந்துவிடும்.

கீழ்முனையில் கம்பிகள் படகின் பக்கவாட்டிலுள்ள தகடுகளைப் பற்றுகின்றன. எங்கள் படகு ஒட்டுப்பலகையால் ஆனது. தகட்டின் திருகுகள் வழியே மழைநீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள் உளுத்துப்போகும். சிறிய குத்தூசியால் தகட்டைச் சுற்றி மெல்ல அழுத்திப் பார்த்தேன், விற்பவரிடம் கேட்டுக்கொண்டுதான். நல்ல பலகை ஊசியைத் திருப்பி அனுப்பும். உளுத்த பலகை விழுங்கும். இடப்பக்கம் இரண்டும் நன்றாக இருந்தன. வலப்பக்கத்தில், பின்திருகின் அருகே, ஊசி அரைக்கால் அங்குலம் இறங்கிற்று. அறுந்த இழை இருந்த அதே பக்கம். கம்பி ஒரு பக்கமாகவே ஏன் கெட்டது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது போலிருந்தது: தகடு சற்றே அசைந்துகொண்டிருந்தால் கம்பியின் ஆட்டமும் மிகும்.

கயிறுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. அவை தம் முதுமையைத் தாமே காட்டும். மாற்றவும் எளிது, விலையும் குறைவு. ஆஞ்சானுக்கு நைலான் கயிறு கூடாது என்பதை மட்டும் நினைவிற்கொள்க. நைலான் நீளும் இயல்புடையது. ஏற்றிய பாய் சிறிது நேரத்தில் தொய்ந்துவிடும். பாலியஸ்டர்க் கயிறே தக்கது. பாயைப் பார்க்கும்போது துணியைவிடத் தையலைப் பார்க்க வேண்டும். வெயிலில் முதலில் நைவது நூலே. பெருவிரல் நகத்தால் தையலைச் சுரண்டினால் நூல் பொடிந்து வருமானால், துணி எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் தையற்காரரிடம் போக வேண்டியதுதான். உயரமான ஊராதலால் பெங்களூர் வெயிலில் புறஊதாக் கதிர் சற்று மிகுதி என்பதும் கருதத்தக்கது. குளிர்ச்சியாய் இருக்கிறதே என்று பாயை வெளியில் விரித்துப் போட்டுவிட்டுப் போகலாகாது.

இவ்வளவும் பார்த்து முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. விலையைப் பற்றி நான் பேசவில்லை, மாணவர்களே பேசினார்கள். மூன்று கம்பிகளையும் புதிதாக மாற்றவும், வலப்பக்கப் பலகையை வெட்டி எடுத்து ஒட்டவும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதி, அதை விலையில் கழிக்கும்படி கேட்டனர். ஒரு கம்பிதானே கெட்டிருக்கிறது, மூன்றுக்கும் ஏன் கழிக்க வேண்டும் என்றார் விற்பவர். மூன்றும் ஒரே நாளில் மாட்டியவை என்று அவரே சற்றுமுன் சொல்லியிருந்தார். அதையே அவர்கள் நினைவூட்டினர். அவர் சிரித்துவிட்டார். இறுதியில் இரண்டு கம்பிகளின் விலையும் மரவேலைச் செலவும் கழிந்தன. இதில் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. கம்பி கெட்டிருக்கிறது என்பதற்காகப் படகையே வேண்டாம் என்று விட்டுவருவது அறியாமை. கம்பி மாற்றக்கூடிய பொருள். உடல் முழுதும் உளுத்திருந்தாலோ, பாய்மரம் கோணியிருந்தாலோதான் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும்.

படகு லாரியில் ஓசூர் வழியாக வந்தது. பாய்மரத்தை மேலே கட்டும்போது பழைய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டித் தனியே வைத்தோம். கட்டாமல் விட்டால் சுமார் 350 கிலோமீட்டர் வழி முழுதும் அவை காற்றில் அடித்துக்கொண்டே வரும். ஒரு பருவகாலம் ஓட்டிய தேய்மானம் ஓர் இரவில் வந்துவிடும். புதுக்கம்பிகளுக்குப் பழையவற்றின் நீளத்தையே அளவாகக் கொடுக்கலாகாது என்பதும் இங்கே சொல்லத்தக்கது. பழையவை நீண்டிருக்கும், இரு பக்கமும் சமமாக நீண்டிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பாய்மரத்தை நேராக நிறுத்தி, அளவுநாடாவை உச்சியிலிருந்து இருபுறத் தகடுகளுக்கும் இழுத்து அளந்து கொடுத்தோம். கம்பி மாட்டிய நாளைப் பாய்மரத்தின் அடியில் அழியா மையால் எழுதிவைக்கச் செய்தேன். அடுத்து வாங்குபவர் ஊகிக்க வேண்டியிராது.

எந்த நீர்நிலையில் இறக்குவது, யாரிடம் அனுமதி பெறுவது என்பவை வேறொரு கட்டுரைக்கு உரியவை. அலசூர் ஏரியாயினும் வேறு எந்த ஏரியாயினும், நினைத்தவர் நினைத்த நாளில் படகு இறக்க இயலாது. அனுமதி கிடைத்த பிறகு, காற்று மெல்ல வீசும் ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தோம். நால்வருக்கும் மிதவைச் சட்டை. இருவர் இருவராக, கரையை விட்டு அதிகம் விலகாமல் அரைமணி நேரம் ஓட்டச் சொன்னேன். புதுக்கம்பி முதல் இழுப்பில் சற்று அமர்ந்து கொடுக்கும். இணைப்புகள் தம் இடத்தில் பொருந்திக்கொள்ளும். எனவே அரைமணி கழித்துக் கரைக்கு வந்து, ஒவ்வோர் ஆணியையும், ஆணி கழன்று வராமல் காக்கும் ஒவ்வொரு சிறு வளையத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். பார்த்தோம். முன்கம்பியின் கீழாணியிலிருந்த வளையம், முன்பாயின் கயிறு உராய்ந்து பாதி விரிந்திருந்தது. பாம்பன் மாணவர் அதைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டி, மேலே இரண்டு சுற்றுப் பட்டை ஒட்டினார். பிறகு அடுத்த இருவர் ஏறினர்.